தாராவிப் பையனுக்கு எவ்வளவு தூரம் தெரியும்?

ராதாபுரம்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதமும் நாவலின் முதல் ஐந்து அத்தியாயங்களும் கிடைத்தன. முதல் அத்தியாயத்தை மட்டும் இரண்டு விதமாக எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். ஒன்றில் பையன் ‘நான்’ என்று பேசுகிறான். இன்னொன்றில் அவன் பேரைச் சொல்லிக் கதை நகர்கிறது. “அண்ணாச்சி, இதில் எதை வைத்துக்கொள்ள, எதைக் கிழித்துப் போட?” என்று கேட்கிறீர்கள். கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: மும்பைத் தாராவியை எவ்வளவு விவரிக்க வேண்டும், ராதாபுரத்தில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு இடம் புரிய வேண்டாமா?

இரண்டும் ஒரே கேள்விதான் என்று எனக்குப் படுகிறது. கதையை யார் சொல்கிறார் என்பது முடிவானால், எவ்வளவு ஊர் அதற்குள் வரும் என்பதும் அப்போதே முடிவாகிவிடும். எட்டு வயசுப் பையனுக்குத் தாராவி என்று ஒரு மொத்த இடம் கிடையாது. ஒரு சந்து இருக்கிறது. ஒரு குழாயடி, பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழி, ‘அந்தப் பக்கம் கால் வச்சே, பாத்துக்கோ’ என்று அம்மா மிரட்டி வைத்திருக்கும் ஒரு நாக்கா, இவ்வளவுதான் இருக்கின்றன. உங்கள் ‘நான்’ பிரதியில் இரண்டாவது பத்தியிலேயே, மேற்கு ரயில் பாதைக்கும் மத்திய ரயில் பாதைக்கும் நடுவே, மாஹிமுக்கும் சயானுக்கும் இடையில் தாராவி அமைந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆசியாவின் மிகப் பெரிய குடிசைப் பகுதிகளில் ஒன்று என்றும் சேர்த்திருக்கிறீர்கள். இது பையன் சொல்வதில்லை, பத்திரிகைக்காரர் சொல்வது. அந்த இரண்டு வாக்கியங்கள் வந்ததும் பையன் போய்விட்டான். அவனைத் திரும்பக் கண்டுபிடிக்க எனக்கு நாலு பக்கம் ஆயிற்று. குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, வரிசை நகரும்போது குடத்தைக் காலாலேயே நெட்டிக்கொண்டு போகிறான் பாருங்கள், அங்கேதான் மறுபடி கிடைத்தான்.

அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ நாவலைப் படித்திருக்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் காணோம். 1977-இல் வந்தது. நகரத்தில் வளர்ந்த பையனைப் பற்றித் தமிழில் வந்தவற்றில் அதற்கு மேலே வைக்க எனக்கு இன்னொன்று இல்லை. கதை நடப்பது செகந்திராபாத்தில். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. குடியிருப்பு லான்சர் பாரக்ஸ் என்கிற பழைய ராணுவக் கட்டடங்களில். அக்கம்பக்கத்தில் முஸ்லிம் குடும்பங்கள், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள். கதையின் பையன் சந்திரசேகரன் கிரிக்கெட் ஆடுகிறான், சைக்கிளில் சுற்றுகிறான், கல்லூரியில் சேர்கிறான். இந்தியா சுதந்திரம் அடைந்துவிட்டது, நிஜாம் சமஸ்தானம் மட்டும் சேராமல் நிற்கிறது. நிஜாம் ஆட்சிக்கு ஆதரவான ரஜாக்கர் படை தலையெடுக்கிறது. 1948 ஜனவரி 30-இல் காந்தியைச் சுடுகிறார்கள். செப்டம்பர் 13-இல் இந்திய ராணுவம் ஹைதராபாத்துக்குள் நுழைகிறது. சில நாட்களிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது.

இவ்வளவு பெரிய சரித்திரம் கையில் இருக்கும்போது வேறொருவர் எழுதியிருந்தால் நிஜாமின் அரண்மனையிலும் டில்லியிலும் ஒவ்வோர் அத்தியாயம் வைத்திருப்பார். இந்த நாவல் அந்தப் பக்கமே போவதில்லை. சைக்கிள் போகும் தூரம்தான் அதன் ஹைதராபாத். சேர்ந்து ஆடியவர்களுக்கு இடையே எங்கேயோ ஒரு விலகல் விழுகிறது. பக்கத்து வீட்டோடு குழந்தைகள் காரணமாக வரும் சண்டையில், முன்பு இல்லாத ஒரு கனம் ஏறுகிறது. அரசியல் அந்தப் பையனிடம் வந்து சேர்வது இப்படித்தான். அவனுக்கு அது அரசியல் என்றே தெரியாது. தெரியாமல் இருக்கும் அந்த இடைவெளியில் படிக்கிறவருக்கு வயிறு கலங்குகிறது. பையனுக்கு எல்லாம் தெரிந்திருந்தால் நமக்குக் கலங்காது.

உங்கள் கேள்விக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது ஒன்று அந்த நாவலில் உண்டு. அதில் கதை சில இடங்களில் ‘நான்’ என்று நடக்கிறது, சில இடங்களில் சந்திரசேகரன் என்று பேர் சொல்லி நடக்கிறது. முன்னறிவிப்பு எதுவும் கிடையாது. முதல் தடவை படிக்கும்போது அச்சுப் பிழையோ என்று கூடச் சிலருக்குத் தோன்றும். எந்த இடத்தில் ஏன் மாறுகிறது என்று விதி கட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. என் வாசிப்பில் பட்டதை மட்டும் சொல்கிறேன். அசோகமித்திரன் பிறந்தது 1931 செப்டம்பர் 22, செகந்திராபாத்தில். ராணுவம் நுழைந்த அன்று அவருக்குப் பதினேழு வயது நிறைய ஒன்பது நாள் பாக்கி. 1952-இல் சென்னைக்கு வந்துவிட்டார். நாவல் வரும்போது நாற்பத்தாறு வயது ஆகப்போகிறது. அந்த ‘நான்’ விளையாட்டு மைதானத்தில் நிற்கிற பையன். பேர் சொல்லி அவனைப் பார்ப்பவர், ஏறக்குறைய முப்பது வருஷம் கழித்துச் சென்னையில் உட்கார்ந்திருக்கும் மனிதர். இருவரில் ஒருவரை மட்டும் பேச விட்டிருந்தால் நாவல் பாதியாகியிருக்கும். பையன் மட்டும் பேசினால் அது அனுபவக் குறிப்பு. பெரியவர் மட்டும் பேசினால் சரித்திரப் பாடம். இருவரும் ஒரே புத்தகத்துக்குள் இருப்பதால்தான், அந்தக் கடைசிக் காட்சி அத்தனை தாங்க முடியாததாக வருகிறது. கலவரத்துக்குப் பயந்து ஒடுங்கிய ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீட்டுக்குள் சந்திரசேகரன் தற்செயலாகப் போய் விழுகிறான். தன் வீட்டாரை விட்டுவிடும்படி கெஞ்சி, ஒரு சின்னப் பெண் அவன் முன்னால் உடையைக் களைந்து நிற்கிறாள். அவன் ஓடுகிறான். அதுவரை கிரிக்கெட் ஆடிக்கொண்டு திரிந்த பையன் என்பதால்தான் நமக்கும் அங்கே நிற்க முடியவில்லை.

இதைப் பார்த்து நீங்களும் ‘நான்’, ‘அவன்’ என்று மாற்றி மாற்றி எழுதிவிடாதீர்கள். அது அவருக்கு வேண்டியிருந்தது. உங்களுக்கு எது வேண்டும் என்பது வேறு.

இன்னொரு நாவல். ஆங்கிலத்தில் எழுதப்பட்டது, எழுதியவர் கொழும்பில் பிறந்தவர். ஷியாம் செல்வதுரையின் ‘ஃபன்னி பாய்’, 1994. கொழும்புத் தமிழ்க் குடும்பத்துப் பையன் அர்ஜி ‘நான்’ என்று சொல்கிறான். தனித்தனியாகவும் நிற்கக்கூடிய ஆறு பகுதிகள். முதல் பகுதியில் தாத்தா பாட்டி வீட்டு வளாகத்தைச் செல்வதுரை பிரித்துக் காட்டும் விதத்தைக் கவனியுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகள் அங்கே கூடுகிறார்கள். வீட்டு முன்புறமும் வெளி மைதானமும் ஆண்பிள்ளைகளுடையது, அங்கே கிரிக்கெட். பின்தோட்டமும் அடுக்களைப் பக்கத்துத் தாழ்வாரமும் பெண்பிள்ளைகளுடையது, அங்கே கல்யாண விளையாட்டு. அர்ஜிக்குப் பின்பக்கம்தான் பிடித்திருக்கிறது. கல்யாணப் பெண்ணாகப் புடவை கட்டிக்கொள்வதுதான் அவனுக்கு ஆசை. பெரியவர்கள் கண்டுபிடித்து முன்பக்கம் விரட்டுகிறார்கள். கொழும்பு நகரத்தைப் பற்றி ஒரு வரி சொல்லும் முன்னாலேயே, எல்லை என்றால் என்ன, எந்தப் பக்கம் யாருக்கு, தாண்டினால் என்ன நடக்கும் என்பதெல்லாம் ஒரு வீட்டு வளாகத்திலேயே வந்துவிட்டது. பின்னால் சிங்களர், தமிழர் என்று நகரமே இரண்டு படும்போது ஆசிரியர் புதிதாக எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த நாவலின் கடைசிப் பகுதி 1983 ஜூலைக் கலவரம். அங்கே வந்ததும் குரலின் வடிவமே மாறிவிடுகிறது. அதுவரை நிதானமாக நினைவுகூர்ந்து சொன்னவன், தேதி போட்டு நாட்குறிப்பு எழுத ஆரம்பிக்கிறான். வீடு எரிகிறது. தாத்தாவும் பாட்டியும் கொல்லப்படுகிறார்கள். குடும்பம் கனடாவுக்குக் கிளம்புகிறது. நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாதவன் நினைவுகூர்ந்து சொல்ல முடியாது, அன்றன்றைக்கு உள்ளதைத்தான் குறித்துவைக்க முடியும். ஹைதராபாத்திலும் சரி, கொழும்பிலும் சரி, நகரம் உடையும்போது சொல்லும் குரலும் பழையபடி இருக்கவில்லை. உங்கள் நாவல் 1992 டிசம்பர்க் கலவரத்தை நோக்கிப் போகிறது என்பதால் இதை நீட்டிச் சொல்கிறேன்.

‘அவன்’ என்று எழுதுவதன் பலம் தெரிய வேண்டுமானால் சுந்தர ராமசாமியின் ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’ (1998) போதும். 1930-களின் கடைசியில் கோட்டயம். பாலுவுக்கு அப்பா என்றால் நடுக்கம். அதை அவன் வாயாலேயே சொல்லவிட்டிருந்தால் அப்பா எஸ்.ஆர்.எஸ். வெறும் பூச்சாண்டியாக நின்றிருப்பார். படர்க்கையில் சொல்வதால் அப்பாவின் மனசுக்குள்ளும் அம்மா லட்சுமியின் மனசுக்குள்ளும் நாவலால் போய் வர முடிகிறது. உங்கள் நாவலிலும் அப்பா இருக்கிறார். தோல் பட்டறையில் வேலை, வீட்டுக்கு வந்தால் பேச்சே கிடையாது. அவர் ராதாபுரம் பக்கத்திலிருந்து ஏன் கிளம்பினார் என்பதை அவர் மனசு வழியாக நீங்கள் சொல்ல நினைத்தால் ‘அவன்’தான் வழி. பையன் காதில் விழுந்த அளவு போதும் என்றால் ‘நான்’. இரண்டையும் ஒரே பக்கத்தில் வேண்டும் என்று மூன்றாம் அத்தியாயத்தில் முயன்றிருக்கிறீர்கள். ‘நான்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும் பையன், அப்பா ராத்திரி தனியாக விழித்துக்கொண்டு ஊரை நினைத்தார் என்கிறான். அவன் எப்படி அறிவான்?

இடத்தைச் சுருக்குவதில் நம் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார், வண்ணநிலவன். ‘ரெயினீஸ் ஐயர் தெரு’, 1981. பாளையங்கோட்டையில் ஒரே ஒரு தெரு. பெயர் தந்த ரேனியஸ் ஜெர்மானிய மிஷனரி. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்து, 1838-இல் அங்கேயே இறந்தவர். அவரைப் பற்றியே தனியாக ஒரு நாவல் எழுதலாம். வண்ணநிலவன் அந்தத் தெருவில் குடியிருப்பவர்களின் ஆசைகள், ஏக்கங்கள், சின்னச் சின்னக் கசப்புகள், மழை, இவற்றோடு நின்றுகொள்கிறார். புத்தகமும் சின்னது. ஆனாலும் பாளையங்கோட்டை முழுசாகத் தெரிந்துவிட்ட நிறைவு நமக்குக் கிடைக்கிறது. உங்கள் சந்தும் அப்படித் தாங்கும். தாராவி முழுவதையும் தூக்கிச் சுமக்க வேண்டாம்.

தாராவியைத் தமிழர்கள் ஏற்கெனவே சினிமாவில் பார்த்தாயிற்று என்பதையும் யோசியுங்கள். 1987-இல் ‘நாயகன்’. 2018-இல் ‘காலா’, அதில் நாயகனே திருநெல்வேலிக்காரன். இரண்டிலும் மேலிருந்து பார்க்கும் தகரக் கூரைகள் வரும், தெருவையே தன் பக்கம் திருப்பும் பெரிய மனிதர் ஒருவர் வருவார். உங்கள் முதல் அத்தியாயத்தின் ‘அவன்’ பிரதி அப்படிக் கூரைகளிலிருந்து இறங்கித்தான் சந்துக்குள் வருகிறது. அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள். பையன் கூரைக்கு மேலே போனதில்லை. கூரைக்குக் கீழே மழை பெய்தால் என்ன சத்தம் என்பதுதான் அவனுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேச வேண்டுமானால் மழை விட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி போதும்.

அடுத்தது பாஷை. உங்கள் பையன் வீட்டில் பேசுவது அவன் ஆச்சி கொண்டுபோன தமிழ். ‘எலே’யும் ‘அங்ஙன’வும் ‘வாரேன்’னும் அதில் கெடாமல் இருக்கின்றன. இங்கே ராதாபுரத்துப் பையன்கள் டி.வி. பார்த்து விட்டுவிட்ட வார்த்தைகள் கூட அங்கே பிழைத்திருக்கின்றன. சந்துக்கு வெளியே வந்தால் இந்தி, பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் மராத்தி. வசனத்தில் இதையெல்லாம் அழகாகக் கொண்டுவந்திருக்கிறீர்கள். கதை சொல்லும் இடங்களில் மட்டும் திடீரென்று ‘கதிரவன் மறைந்தான்’ என்று எழுதுகிறீர்கள். அந்தத் தமிழ் யாருடையது? சந்திரசேகரனைச் சுற்றி உருதும் தெலுங்கும் ஆங்கிலமும் பேசுகிறார்கள். ஆனாலும் அந்த நாவலின் தமிழ் எந்த வித்தையும் காட்டாமல், வெறும் தெளிவால் அத்தனையையும் கடத்திவிடுகிறது. உங்கள் பையன் எந்தத் தமிழில் யோசிப்பானோ அதற்கு ரொம்பத் தூரம் போகாத தமிழில் கதையைச் சொல்லுங்கள். ஒவ்வொரு இந்தி வார்த்தைக்கும் பக்கத்திலேயே அர்த்தம் சொல்லவும் வேண்டாம். சால் என்றால் என்ன, வடாபாவ் என்றால் என்ன என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். இந்தத் தாலுகாவில் மும்பைக்கு ஆள் அனுப்பாத ஊரே அநேகமாகக் கிடையாது.

இனி மே மாத லீவு அத்தியாயம். நாலாவது. இதில்தான் எனக்கு உங்களோடு சண்டை. இரண்டு ராத்திரி ரயிலில் வந்து, வள்ளியூரிலிருந்து பஸ் பிடித்து ஆச்சி வீட்டுக்கு வருகிறான் பையன். வந்ததும் பனைமரம், பதநீர், வரகுணபாண்டீஸ்வரர் கோயில் மணி, திண்ணைக் காற்று என்று ஒரே இன்பம். இது உங்கள் அப்பாவின் ராதாபுரம், தம்பி. ஊரை விட்டுப் போனவருக்குத்தான் அப்படித் தோன்றும். சந்துக்குள் பத்துப் பேர் மூச்சுக் கேட்கத் தூங்கிப் பழகிய பிள்ளைக்கு, இங்கத்து ராத்திரி எப்படி இருந்திருக்கும்? தெருவிளக்கு இல்லாத இருட்டு, ஓட்டைப் பிய்க்கிற மாதிரி அடிக்கிற காற்று, காலையில் உடைமரக் காட்டுக்குள் ஒதுங்கச் சொல்லும் பெரியப்பா, இதெல்லாம் அவனுக்குப் பயமாகத்தானே இருந்திருக்கும்? ‘பாம்பேக்காரன் மவன்’ என்று கூப்பிட்டு, அவன் பேசும் தமிழை மற்றப் பிள்ளைகள் சொல்லிக் காட்டிச் சிரித்திருப்பார்கள். அங்கே மதராஸி, இங்கே பாம்பேக்காரன். அவன் சொந்த ஊர் அந்தச் சந்துதான். லீவு முடிந்து திரும்புகையில் ரயில் கல்யாண் தாண்டியதும் அவனுக்கு உயிர் வந்திருக்கும். அதற்குப் பிறகு சயானில் இறங்கிச் சந்துக்குள் நுழையும்போதுதான், தோல் பட்டறையின் வாடை முதல்முதலாக அவன் மூக்குக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து அதற்குள்ளேயே இருந்தவனுக்கு அதுவரை அது வாடையே கிடையாது. முதல் அத்தியாயத்தில் அந்த நாற்றத்தை அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதை அங்கிருந்து எடுத்து இங்கே கொண்டுவந்து வையுங்கள்.

1992 டிசம்பரையும் 93 ஜனவரியையும் நீங்கள் இன்னும் எழுதவில்லை. எழுதப் பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறீர்கள். பயம் நல்லதுதான். பாபர் மசூதி இடிக்கப்பட்ட செய்தி அந்தச் சந்துக்கு எப்படி வந்தது என்பதை, அந்த வயசில் உங்கள் காதுக்கு வந்த வழியாகவே எழுதுங்கள். குழாயடியில் ஒருநாள் வரிசை மாறியதா? எந்த வீட்டுப் பிள்ளை விளையாட வரவில்லை? எந்த நாக்கா வரை போகலாம் என்று அம்மா வைத்திருந்த எல்லை எத்தனை அடி உள்ளே வந்தது? பத்திரிகைகளில் பார்த்ததையும் விசாரணை அறிக்கைகளில் படித்ததையும் அதற்குள் சேர்க்கும் ஆசை வரும். அவை நீங்கள் சரிபார்த்துக்கொள்வதற்கு. பையன் வாயில் வைப்பதற்கல்ல.

ஆகவே என் ஓட்டு ‘நான்’ பிரதிக்கு. ரயில் பாதைகள் வரும் இரண்டு வாக்கியங்களையும் ‘கதிரவ’னையும் எடுத்துவிட்டால் அதில் பெரிய பழுதில்லை. அப்பாவின் கதை சொல்லாமல் விட்டுப்போகுமே என்று தவிப்பீர்கள். பையனுக்குத் தெரியாதபடியே, படிக்கிறவருக்குத் தெரிகிற மாதிரி அவரை நடமாட விடுங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் அவர் சம்பளக் கவரை அம்மாவிடம் கொடுக்கும் முன் ஒரு நோட்டை உருவித் தகரப் பெட்டியில் போடுகிறார். பையன் அதைச் சாராயத்துக்கு என்று நினைக்கிறான். அது ஊருக்கு அனுப்பும் மணியார்டருக்கு என்று எனக்குப் புரிந்தது. ராத்திரி விழித்துக்கொண்டு ஊரை நினைத்த பத்தி அதற்குப் பிறகு எதற்கு?

சில விவரங்களை உங்கள் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் சந்தில் குழாய் வந்தது எந்த வருஷம்? தண்ணீர் எத்தனை மணிக்கு விடுவார்கள்? ஒன்றாம் அத்தியாயத்தில் விடியுமுன் என்றும் மூன்றாம் அத்தியாயத்தில் சாயங்காலம் என்றும் இருக்கிறது. ஒரே அறையில் அத்தனை பேர் இருந்த வீட்டில் ராத்திரி ஷிப்டு முடிந்து வரும் அப்பா பகலில் எங்கே படுத்தார்? பையன் எப்போது பார்த்தாலும் அந்த அறையில்தான் இருக்கிறான், அப்பா மட்டும் தூங்குவதையே காணோம்.

ஆடியில் அம்மன் கோயில் கொடைக்கு வருவதாகச் சொல்லியிருந்தீர்கள். வரும்போது நாலாம் அத்தியாயத்தைத் திருத்திக் கொண்டுவாருங்கள். டிசம்பர் அத்தியாயம் இரண்டு பக்கம் ஆகியிருந்தாலும் அதையும் கொண்டுவாருங்கள். இரண்டையும் உரக்க வாசித்துப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அண்ணாச்சி